மிளகாய் சண்டை போடாத மூன்று வருஷம்

சண்டை போடுவதில் கைராசி என்று ஒன்று இருக்குமானால், அது அவளுக்கு இருந்தது. தெருவில் யாருக்கு என்ன அநியாயம் நடந்தாலும் முதலில் அவளைத்தான் தேடி வருவார்கள். தண்ணீர் லாரிக்காரன் வரிசையைத் தாண்டிக் குழாயைப் போட்டானா, மாடி வீட்டுக்காரன் நடுப்பகலில் ஆணி அடிக்கிறானா, கூப்பிடு மிளகாயை. சலவைக்கூடத்தில் கூட வேலை செய்தவர்கள் வைத்த பெயர் அது. கட்டிய கணவரும் சில சமயம் அப்படித்தான் கூப்பிடுவார். அவள் காதில் விழாது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும்.

அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். நாள் முழுக்கப் பிள்ளைகளின் கூச்சலில் வண்டி ஓட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்க மாட்டார். ஒரு கை தட்டினால் ஓசை வராது என்பதெல்லாம் மற்றவர்களுக்கு. இவள் தனியாகவே ஒரு மணி நேரம் சண்டையை நடத்துவாள். அவர் பக்கத்து நியாயத்தையும் அவளே சொல்லி, அதற்குப் பதிலும் சொல்லி, கடைசியில் தீர்ப்பும் கொடுத்துவிட்டு டீ போடப் போவாள். அவர் அந்த டீயைக் குடித்துக்கொண்டே சிரிப்பை அடக்குவார். பொறாமைப்பட யாருக்கும் தோன்றாத குடும்பம் என்பதால் கண்ணேறு பற்றிய பயமும் இல்லை.

சலவைக்கூடத்துக்கு ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வரும். நீராவியில் சூடாகும் பெரிய இஸ்திரி மெஷினுக்குள் விரிப்பைச் சுருக்கமில்லாமல் பிடித்து விடுவது அவள் வேலை. அந்த மெஷினுக்கு நீராவி கொண்டுவரும் குழாயின் இணைப்பு சில நாட்களாகச் சீறிக்கொண்டிருந்தது. துணியைச் சுற்றிக் கட்டிக்கொள்ளுங்கள் என்றார் மேனேஜர். மிளகாய் நேரே அவர் அறைக்குப் போனாள். அன்று அவள் போட்ட சத்தம், இரண்டு டஜன் மெஷின்களின் இரைச்சலையும் மீறி வாசல் காவலாளிக்குக் கேட்டது. மேனேஜருக்கு மட்டும்தான் கேட்கவில்லை. அடுத்த வாரம் குழாய் பிடுங்கிக்கொண்டது. வலது பக்கத்துக் கழுத்து, தோள், கை முழுவதும் நீராவி அடித்தது.

பிழைத்தாள். தொடையிலிருந்து தோலெடுத்து ஒட்டினார்கள். ஆறிய தோல் சுருங்கி இறுகியது. கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது, வலது கை தோளுக்கு மேல் எழவில்லை. இன்னோர் ஆபரேஷன் செய்து இறுக்கத்தை விடுவித்தால் கை எழும், தலையை நேராகப் பிடிக்கலாம் என்றார் டாக்டர். அதற்கான செலவு வேன் ஓட்டுபவரின் சம்பளத்துக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. ஆரம்பத்து ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்ததோடு சரி, இனி எங்களுக்குச் சம்பந்தமில்லை என்றது கம்பெனி. எனவே நஷ்டஈடு கேட்டு வழக்கு.

இதற்கிடையில் ஊரே வியக்கும்படி ஒன்று நடந்தது. மிளகாயின் காரம் போய்விட்டது. யாரிடமும் சண்டைக்குப் போவதில்லை. கணவரிடம்கூட ஒரு கடுஞ்சொல் அபூர்வம். “பட்டதும் பக்குவப்பட்டுட்டா” என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். வாயில் வந்ததைப் பேசுபவர்களுக்கு வரி போட்டால் என்ன என்று எனக்குத் தோன்றுவது இப்படிப்பட்ட சமயங்களில்தான்.

உண்மையில் அவளுக்கு வலித்தது. குளித்தால் வலி, குளிர்ந்தால் வலி, சட்டைத் துணி உரசினால் வலி. அதை அவரிடம் சொல்வதில்லை என்று அவள் முடிவு செய்திருந்தாள். ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரிக்கும்போது அவர் முகத்தை ஒரு தடவை பார்த்தாள், அதோடு சரி. அந்த முகத்தை மறுபடி பார்ப்பதற்கு வலியே தேவலை. போதாததற்கு, மனிதருக்கு ஞாபகமறதி வேறு வந்துவிட்டது. ஈரத் துண்டைக் கட்டில்மேல் போடுவார். குடையை எங்காவது விட்டுவிட்டு வருவார். சர்க்கரை வாங்கி வரச் சொன்னால் உப்பு வாங்கி வருவார். கவலையில் சீக்கிரமே கிழவராகிறார் பாவம் என்று நினைத்து, ஒன்றும் சொல்லாமல் இடது கையால் துண்டை எடுத்து உலர்த்துவாள்.

வழக்கில், குழாய் பிடுங்கிக்கொண்டது கம்பெனியின் தவறு என்பது எளிதாக நிரூபணமாகிவிட்டது. அவள் போட்ட சத்தத்தைக் கேட்டவர்கள் அத்தனை பேர் இருந்தார்கள். மீதி இருந்தது ஒரே கேள்வி: அவளுக்கு முழுவதும் குணமாகிவிட்டதா, இல்லையா. ஆபரேஷனுக்குப் பணம் வருமா என்பது அதில்தான் இருந்தது. அங்கேதான் அவளுடைய வக்கீலம்மா தலையில் கை வைத்தார்.

“என்னம்மா இது? செக்கப்புக்குப் போன ஒவ்வொரு தடவையும் வலி இல்லன்னே சொல்லியிருக்கீங்க. கம்பெனி வக்கீல் இதைத்தானே எடுத்து வாசிப்பாரு?”

“எங்க வீட்டுக்காரர் பக்கத்துல நிப்பாரும்மா.”

“அதனால?”

“அதனால எப்படிம்மா சொல்றது?”

வக்கீலம்மா ஃபைலை மூடினார். “கோர்ட்லயாவது வாயைத் திறந்து சொல்லுங்க, தாயே.”

கோர்ட்டில் என்ன நடந்தது தெரியுமா? கம்பெனி வக்கீல் தங்கமான மரியாதைக்காரர். எழுந்தார், கும்பிட்டார், “நல்லா இருக்கீங்களாம்மா?” என்றார். “நல்லா இருக்கேன் சார்” என்றாள் இவள். யாராவது விசாரித்தால் வேறென்ன சொல்வது? அவர் இன்னொரு தடவை கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளைக்கு அதுவரை வாய் ஒன்றுதான் பலமாக இருந்தது.

அடுத்த வாய்தாவில் கணவர் சாட்சிக் கூண்டில் ஏறினார். சட்டையின் கடைசிப் பித்தானைக்கூடப் போட்டிருந்தார். மிளகாய் பெஞ்சு ஓரத்தில், இழுத்த கழுத்தோடு, அவரைப் பார்க்க உடம்பையே திருப்பி உட்கார்ந்திருந்தாள். இவருக்கு என்ன தெரியும், ஒன்றும் காட்டாமல் வைத்தேனே, பாடுபட்டு நானே என் வழக்கில் மண்ணைப் போட்டேனே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

“உங்க மனைவி தனக்கு வலிக்குதுன்னு உங்ககிட்ட எப்பவாவது சொல்லியிருக்காங்களா?” என்றார் கம்பெனி வக்கீல்.

அவர் யோசித்தார். சத்தியம் செய்துவிட்டு ஏறியவர். “இல்ல சார்.”

“ஒரு தடவைகூட?”

“ஒரு தடவைகூட இல்ல.”

“நன்றி. அவ்வளவுதான்.”

அவர் இறங்கவில்லை. நீதிபதியைப் பார்த்து, “அய்யா, இன்னும் கொஞ்சம் சொல்லலாமா?” என்றார். கேட்ட கேள்விக்குப் பதில் வந்துவிட்டது என்று கம்பெனி வக்கீல் எழுந்தார். சொல்லட்டும் என்றார் நீதிபதி.

“அவ இப்பல்லாம் சண்டை போடுறதில்லய்யா.”

பின் பெஞ்சில் சிரித்தார்கள். நீதிபதிக்கும் உதடு அசைந்தது. “அது நல்லதுதானே?”

“எல்லாரும் அப்படித்தான்யா சொல்றாங்க. உன் பொண்டாட்டி தங்கமா மாறிட்டான்னு. எனக்குத்தான்யா தெரியும். செருப்பைக் கோணலா விட்டாலே ஒரு மணி நேரம் பேசுறவ. பேசவும் தெம்பு வேணும்ல? இருக்கிற தெம்பெல்லாம் பல்லைக் கடிக்கவே போயிடுது. மேல் அலமாரியில ஒரு சாமான் இல்லய்யா. எல்லாத்தையும் இடுப்பு உயரத்துக்கு இறக்கிட்டா. கேட்டா சுத்தம் பண்ணேங்கிறா. இடுப்பு வரைக்கும் இருந்த முடியை வெட்டிக்கிட்டா. கேட்டா வெக்கையா இருக்குங்கிறா.”

யாரும் இப்போது சிரிக்கவில்லை.

“கேட்டா சொல்ல மாட்டா. அதான் நானே ஒரு வழி கண்டுபிடிச்சேன். ஈரத் துண்டை வேணும்னே கட்டில்ல போடுவேன். திட்டினா அன்னிக்கு வலி கம்மி. ‘பரவால்லங்க, நான் எடுத்துக்கறேன்’னா ரொம்ப வலி. போன மழைக்கு ஒரு நாள் நிஜமாவே குடையைத் தொலைச்சுட்டு வந்தேன். வாசல்லயே நிக்க வச்சுத் திட்டினாய்யா. எனக்கு அவ்வளவு சந்தோஷம். மறுநாள் புதுக் குடையையும் தெரிஞ்சே பஸ்ல விட்டுட்டு வந்தேன். பரவால்லங்கன்னுட்டா.”

நீதிபதி பேனாவை எடுத்துக் குறித்தார். பிறகு நிமிர்ந்து, “இந்த மூணு வருஷத்துல எத்தனை தடவை திட்டியிருப்பாங்க?” என்றார்.

“நாலு தடவைய்யா.”

மிளகாய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அந்த நாலும் அவளுக்கே ஞாபகம் இல்லை. பாவி மனுஷன், உப்பும் சர்க்கரையும் தெரியாமலா வாங்கி வந்தான்? கிழவனாகிறான் என்று நான் உள்ளுக்குள் அழுதேனே. கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. எது முதலில் வந்தது என்று அவளாலேயே சொல்ல முடியவில்லை. தன்னை இப்படி விடாமல் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மனிதரோடு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துத் தனியாக வாழ்ந்திருக்கிறாள்.

தீர்ப்பு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அவளை டாக்டர்கள் குழு மறுபடி பரிசோதிக்க வேண்டும், அப்போது கணவர் அறைக்கு வெளியே இருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார் நீதிபதி. மரியாதைக்கார வக்கீலும் அதற்குத் தலையசைத்தார். கணவர் வராந்தாவில் உட்கார்ந்திருக்க, அவள் உள்ளே உள்ளதைச் சொன்னாள். கம்பெனி ஆபரேஷன் செலவையும் இழந்த சம்பளத்தையும் கொடுக்க வேண்டியதாயிற்று. கேட்டதைவிடக் குறைவுதான், ஆனாலும் கை எழுந்தது. அதெல்லாம் பிறகு நடந்தது.

சாட்சி சொன்ன அன்று மாலை இருவரும் கோர்ட் வாசல் பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள். அவர் வழக்கம்போல அவளுடைய இடது பக்கமாக நின்றார், கூட்டத்தில் தன் கை அவள் வலது தோளில் பட்டுவிடாதபடி.

“இவ்வளவு தெரிஞ்சும் ஏன் என்னை ஒரு வார்த்தை கேக்கல?” என்றாள்.

“கேட்டா இல்லன்னுவ. ஏற்கெனவே வலியில இருக்கிறவ, என் பொருட்டு பொய் வேற சொல்லணுமான்னுதான்.”

முகத்தைத் துடைத்துக்கொண்டு உடம்பை அவர் பக்கம் திருப்பினாள்.

“இப்பக் கேளுங்க.”

“வலிக்குதா?”

“வலிக்குது.”

“எங்க?”

காதுக்குக் கீழிருந்து ஆரம்பித்தாள். எந்த இடம் எரியும், எந்த இடம் இழுக்கும், எது காலையில், எது மழையில் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர்கள் ஏற வேண்டிய பஸ் வந்தது, நின்றது, போயிற்று. அவள் இன்னும் தோளுக்கே வந்திருக்கவில்லை.