கறுப்பு விளக்கின் கீழ் ஒரு வேட்டி

மண்டபம் அகதி முகாமில் பிறந்தாள். படுக்கையில் கிடந்த அம்மாவுக்காகப் பள்ளிக்கே போகாமல் இருந்தாள். ஆண்களே உட்கார்ந்திருந்த தொழிலில் இடம் பிடித்து, கடைத்தெருவில் சொந்தமாகச் செல்போன் பழுதுபார்க்கும் கடை போட்டாள். கும்பல் அடித்துக் கொல்லவிருந்த ஒருவனை உயிரோடு மீட்டாள். இத்தனையும் செய்தவள் தன் தங்கை சாருஜா என்பதில் கஜனுக்குப் பெருமை கொஞ்சமல்ல.

அவள் அவனை மீட்ட அன்று மாலை படகுத்துறையில் ஒரு மீனவரை யாரோ ஒருவன் வெட்டிவிட்டு ஓடினான். தேடிப் புறப்பட்ட கூட்டத்தின் எதிரே, சாருஜாவின் கடையருகில், தங்கப்பாண்டி என்பவன் வந்தான். வேட்டியெல்லாம் சிவப்பு. கூட்டத்தில் முன்னால் வந்தவரின் துடுப்பு அவன் முதுகில் இறங்கியது. அடுத்த அடியில் வாய் கிழிந்தது.

"ஆரத்தித் தண்ணிய்யா! மஞ்சளும் சுண்ணாம்பும்! கல்யாண வீட்டு வாசல்ல ஊத்தியிருந்தாக, வண்டி வழுக்கி விழுந்துட்டேன்!"

"ஏலே, ரத்தத்துக்கு ஆரத்தின்னா பேரு?"

விலா எலும்பு முறியும் சத்தம் கடைக்குள்ளேயே கேட்டது. சாருஜா ஓடிப்போய் அவன்மேல் விழுந்தாள். ஓங்கிய துடுப்பு அவள் வலது கையை நொறுக்கியது.

"கடைக்குள்ள கொண்டு வாங்கோ! பொய்யெண்டா நானே வெளியில தள்ளிவிடுறன்."

துடுப்புக்காரரும் இன்னும் இருவரும் அவனை இழுத்து வந்தார்கள். கஜன் ஷட்டரை இறக்கினான். வெளியே கல் விழுந்தபடி இருந்தது. செல்போன் கண்ணாடிப் பசையை இறுக வைக்கும் கறுப்பு விளக்கை அவள் இடது கையில் எடுத்தாள்.

"இதின்ர வெளிச்சம் முக்கால்வாசி எங்கட கண்ணுக்குத் தெரியாது. சில சாமான் அதை விழுங்கி, தெரியிற வெளிச்சமாத் திருப்பித் துப்பும். சோப்புத்தூள் நீலமாத் துப்பும், மஞ்சள்தூள் மஞ்சளாத் துப்பும். ரத்தம் விழுங்கும், ஒண்டும் தராது. கறுப்பாத்தான் கிடக்கும்."

விளக்கை அழுத்தினாள். வேட்டி நீலமாக எரிந்தது. கறையின் ஓரமெங்கும் மஞ்சள் பொடிப்பொடியாக மின்னியது. மடியில் மட்டும் சில சொட்டுகள் கரியாக நின்றன.

"அந்தக் கறுப்பு?" என்றார் துடுப்புக்காரர்.

"அது நீங்கள் உடைச்ச வாய்."

அவர் துடுப்பைப் போட்டுவிட்டு ஷட்டரைத் தூக்கினார். "யாரும் தொடாதீகப்பா! இவன் இல்ல!" உள்ளே பாய்ந்தவனை நெஞ்சில் உதைத்துத் தள்ளினார்.

சாட்சி இல்லாவிட்டால் தங்கப்பாண்டிமேல்தான் வழக்கு விழும் என்றார்கள் காவல் நிலையத்தில். சாருஜா நடந்ததைச் சொன்னாள். மைப்பெட்டியை நகர்த்தினார் காவலர். அதுவரை எதற்கும் அவள் வைத்தது கைநாட்டுதான். திரையில் எழுத்தைத் தட்டத் தெரியும், பேனா பிடித்ததில்லை.

"வேண்டாம். எழுத்துத் தெரியாதவள், விளங்காமல் ரேகை வைச்சவள் எண்டு பிறகு ஒருத்தரும் சொல்லக்கூடாது," என்று பேனாவைக் கேட்டாள். கட்டுப்போட்ட வலது கை மடியில் கிடக்க, இடது கையால் ஒவ்வொரு எழுத்தாக இழுத்தாள்: சாருஜா.

அதன் கீழே காவலர் தேதி போட்டார்: 2023 மார்ச் 14.