நிஜாம் பாயின் சத்தமில்லாத பெட்டி

சேதி வந்த காலையில் நான் திருவிடைமருதூர்ப் பக்கம் ஒரு புது வீட்டில் நின்றுகொண்டிருந்தேன். ஜன்னல் சட்டத்தை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். அதன் வழியே சம்பா வயலும், வயல்மேல் இன்னும் கலையாத பனியும் தெரிந்தன. போன் அடித்தது. நிஜாம் பாயின் மகள். "அக்கா, வாப்பா மவுத்தாயிட்டாங்க. சுபுஹு தொழுதுட்டு வந்து படுத்தாங்க. எந்திரிக்கவே இல்ல" என்றாள். அதே நேரத்தில் கொத்தனார், "மேடம், தூக்கு சரியா இருக்கான்னு பாருங்க" என்றார். நான் பார்க்காமலே சரி என்று சொல்லிவிட்டேன். அந்த ஜன்னல் நேராகத்தான் நிற்கிறது என்பதைப் பிறகு ஒருநாள் போய்ப் பார்த்துக்கொண்டேன்.

இந்த அஞ்சலியைப் படிக்கும் உங்களில் அவரை அறிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். கும்பகோணத்தில் பாத்திரக்கடைக்கு மேலே இருக்கும் எங்கள் அலுவலகத்தில் நான் பிளான் போடுவேன்; அவர் அந்த வீட்டைக் கம்ப்யூட்டரில் எழுப்பிக் காட்டுவார். துபாயிலும் மஸ்கட்டிலும் வேலை பார்ப்பவர்கள் தங்கள் வீட்டை முதலில் பார்த்தது அவர் கையால்தான். கல் ஊன்றும் முன்பே வாசலில் மாலை வெயில் விழும், கொல்லையில் வாழை ஆடும். நீங்கள் அறிந்த நிஜாம் பாய் சத்தக்காரர். அவர் மாடியில் போன் பேசினால் கீழே கடைக்காரர் பதில் சொல்லுவார். "போன் எதுக்கு பாய், ஜன்னலத் தொறந்தாலே மஸ்கட்டுக்குக் கேக்குமே" என்று நான் கேலி செய்வேன். நான் இங்கே எழுத நினைப்பது சத்தமில்லாத நிஜாம் பாயைப் பற்றி. அவரை உங்களில் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள்.

அவர் மனைவி ரஹிமா அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. ஒரு பக்கக் கையும் காலும் விழுந்தன, குரலும் போயிற்று. சில வாரங்களில் குரல் திரும்பியது என்றாலும் மூச்சின் அளவுதான் இருந்தது. மருத்துவமனையில் நான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தும் அக்கா சொன்னது எனக்கு எட்டவில்லை. மகள் அப்போது வெளிநாட்டில் இருந்தாள். பகலில் நாகூரில் இருந்த அவர்கள் வீட்டில் அக்காவோடு இருக்க வேறு ஆள் இல்லை. "இனிமே வீட்டுலேருந்துதான் வேலை, எஞ்சினியரம்மா" என்றார் பாய். "அது தண்ணி கேட்டா எனக்குக் கேக்கணும். கேக்காமப் போயிடுச்சுன்னா, நான் பக்கத்துல இருந்து என்ன புண்ணியம்?" அந்த வீட்டில் மேலே சுற்றும் பழைய மின்விசிறியை அன்றைக்கே கழற்றிவிட்டு, சத்தம் போடாத ஒன்றை மாட்டினார்.

மிச்சம் இருந்தது அவருடைய கம்ப்யூட்டர். வீட்டுப் படத்தை முழுதாக வரைந்து எடுப்பதை நாங்கள் ரெண்டர் என்போம். அது ஓடும்போது பிராசசர் கொதிக்கும். அதன் தலைமேல் இருந்து சூட்டைத் தணிக்கும் கூலரின் விசிறி கதறும். எங்கள் அலுவலகத்தில் அந்த இரைச்சலுக்கு மேலே கத்திப் பேசித்தான் எங்களுக்குப் பழக்கம். அந்தப் பெரிய பெட்டியை அக்காவின் கட்டிலருகே வைக்க முடியாது, இடமும் இல்லை. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு முக்காலி போடத்தான் வழி இருந்தது. அடுத்த அறையில் வைத்து வயர் இழுக்கலாமே என்றேன். அடுத்தது அடுப்படி, மீன் பொரிக்கிற எண்ணெய்ப் புகையில் ஒரு மாதம் தாங்காது என்றார். அலுவலகத்திலேயே ஓட்டிவிட்டு நெட்டில் பார்க்கலாமே என்றேன். "எங்க தெருவுல நெட்டு வர்றது பிறை தெரியற மாதிரி. தெரிஞ்சாலும் தெரியும், தெரியாமலும் போவும்" என்றார்.

ஆகவே, அக்கா இன்னும் மருத்துவமனையில் இருக்கும்போதே, கம்ப்யூட்டர் பாகங்களை அடைக்கப் பிஸ்கட் டின்னைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கேபினெட் வாங்கினோம். அதற்குள் எல்லாம் அடங்கியது, கூலரைத் தவிர. நான் கடைக்காரர் சொன்ன ஒன்றை வாங்கிப் போடுங்கள் என்றேன். எனக்குப் பொறுமை குறைவு என்பது உங்களுக்குத் தெரியும். பாய் அப்படிச் செய்யவில்லை. கேபினெட்டுக்குப் பிளானும் குறுக்குவெட்டுப் படமும் போட்டார், ஒரு வீட்டுக்குப் போடுவது போலவே. காற்று வர வாசல் எது, போக வாசல் எது, கூரை எவ்வளவு உயரம் என்று குறித்தார். பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி ஒட்டி, ஒவ்வொரு கூலரின் அளவுக்கும் ஓர் அட்டைப் பெட்டி செய்தார். அதைப் பிராசசர்மேல் உட்காரவைத்து மூடியைச் சாத்திப் பார்ப்பார். மூடி சேரவில்லை என்றால் அந்தக் கூலர் தள்ளுபடி. மாப்பிள்ளை பெண் பெயர்களெல்லாம் எங்கள் மேசைமேல் துண்டு துண்டாகக் கிடந்தன.

அவர் தேர்ந்தெடுத்த விதத்தை இப்போது நினைத்தால் சிரிப்பாகவும் இருக்கிறது, ஏக்கமாகவும் இருக்கிறது. உயரமாக நிற்கும் கூலர்தான் நன்றாகக் குளிர்விக்கும் என்று நான் ஒரு படத்தைக் காட்டினேன். "கும்பகோணத்துல கோபுரத்துக்கா பஞ்சம்? விரலுக்கேத்த வீக்கம் வேணும், எஞ்சினியரம்மா" என்றார். தண்ணீர் ஓடிக் குளிர்விக்கும் வகை ஒன்று உண்டே என்றேன். "காவேரித் தண்ணியே நேரத்துக்கு வரல. இதுக்குள்ள ஒரு மோட்டார் வேற உர்ருனு ஓடும். அந்த உர்ருதான் அவ குரல முழுங்கிடும்" என்றார். விசிறியே இல்லாமல் வெறும் தகடுகளால் குளிரும் வகையைக் கேட்டதும், "சித்திரை மாசம் விசிறி இல்லாம நீங்க ஆபீஸ்ல உக்காருங்க. அப்புறம் நான் அதை வாங்குறேன்" என்றார். கடைசியில் தரையோடு படுத்தாற்போன்ற தட்டையான கூலர் ஒன்றில் நின்றார். தகடுகளுக்கு நிக்கல் முலாம் இருக்கிறதா என்று கேட்டு வாங்கினார், கடற்காற்றின் உப்பு வெறும் தகட்டைத் தின்றுவிடும் என்று. அதற்கு அடியில் ரேம் என்னும் நினைவகப் பலகை இடித்தது. குட்டையான ரேம் தேடினார். விசிறி மூடியின் வலையோடு மிக நெருங்கினால் காற்று விசில் அடித்தது. இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி கிடைக்கும்படி விசிறியை மாற்றிப் பொருத்தினார். பிறகு செட்டிங்கில் போய்ப் பிராசசருக்குப் போகும் மின்சாரத்தைக் குறைத்தார். ரெண்டர் முடியக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆனது. சூடு பாதியாகத் தெரிந்தது. "இதையும் ஒரு மனுசனா நெனச்சு வேலை வாங்கணும். விரட்டினா எல்லாரும்தான் கத்துவாங்க" என்றார். இந்த ஒன்றை எங்கள் அலுவலகப் பையன்களிடம் நான் இன்றைக்கும் சொல்கிறேன். நான் பின்பற்றுவது குறைவு.

சூட்டைக் கடத்தப் பிராசசர்மேல் தடவும் பசையை நான் பட்டையாகப் பூசப் போனபோது கையைப் பிடித்து நிறுத்தினார். "சந்தனமா பூசுறீங்க? பொட்டு வச்சாப் போதும், மேல அழுத்தினா தானாப் பரவும்." இப்படிச் சொன்னவர்தான் அடுத்த வாரம் அந்தக் கூத்தைச் செய்தார். ஆயுத பூஜை வந்தது. எங்கள் அலுவலகத்தில் குங்குமம் என் வேலை. சந்தனம் குழைத்துப் பூசுவது பாயின் வேலை. "சந்தனம் எங்க ஊரு சமாச்சாரம். தர்கா சந்தனக்கூடு பாத்த கை இது" என்று யாரையும் விடமாட்டார். அளவு டேப்புக்கும் பிரிண்டருக்கும் பூசியவர், புதுப் பெட்டியின் மேல் தனி அன்போடு ஒரு கை நிறைய எடுத்துப் பூசினார். அது காற்று நுழையும் வலை. ஓட்டைகள் அடைந்து சந்தனம் காய்ந்துவிட்டது.

மறுநாள் முதல் பெட்டி கதறத் தொடங்கியது. பாய் இடிந்துபோனார். மறுபடியும் அட்டை வெட்டினார், கடைக்காரரோடு சண்டை போட்டார், பசையைத் துடைத்துத் துடைத்துப் புதிதாக வைத்தார். "என்னால ஆவாது போலிருக்கு. வேலைய விட்டுட்டு ரஹிமா பக்கத்துல உக்காந்துடறேன்" என்று ஒருநாள் சொன்னார். அவர் வருமானம் நின்றால் அக்காவின் வைத்தியமும் நின்றுவிடும் என்பது இருவருக்கும் தெரியும். அந்தச் சாயங்காலம் ஒரு வீடு ரெண்டரில் ஓடிக்கொண்டிருந்தது. அறை முழுக்க மெல்ல ஒரு வாசனை பரவியது. திரையில் புள்ளிகள் கலந்து கலந்து ஒரு வாசல் தெளிந்துவர, அந்த வாசலுக்குள்ளிருந்தே வருவதுபோல் சந்தனம் மணத்தது. கொஞ்ச நேரம் இருவரும் மயங்கினாற்போல் உட்கார்ந்திருந்தோம். பிறகு ஒரே நேரத்தில் பெட்டியைத் திரும்பிப் பார்த்தோம். பல் துலக்கும் பிரஷ்ஷால் நான் சுரண்ட, அவர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். ஆனைக்கும் அடி சறுக்கும் என்றேன். "ஆனை சறுக்கினாலும் மணக்க மணக்கல்ல சறுக்கியிருக்கு" என்றார்.

அக்கா வீடு திரும்பிய வாரம், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டுதான் நாகூருக்குப் போனோம். முக்காலியில் அதை வைத்து, இருப்பதிலேயே கனமான வீடு ஒன்றை ஓடவிட்டார். விசிறி சுற்றுவது கண்ணுக்குத் தெரிந்தது, காதுக்குத் தெரியவில்லை. கடற்காற்றில் திரைச்சீலை ஒரு முறை உப்பி அடங்கியது. பாய் நாற்காலியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, "ரஹிமா, கூப்புடு" என்றார். அக்காவின் உதடுகள் அசைந்தன. "என்னங்க" என்று ஒரு மூச்சு எழுந்தது. பாய் திரும்பவில்லை. அவர் தோள்கள் குலுங்கின. "கேக்குது" என்றார். எத்தனை பேருக்குப் போனில் கத்திய மனிதர், அந்த ஒரு சொல்லை அவ்வளவு மெதுவாகச் சொன்னார்.

அதன்பின் வந்த வருடங்களை நான் கனவில் பார்த்தவைபோல்தான் நினைத்துக்கொள்கிறேன். நான் போகும் பகல்களில் அந்த அறையில் யாரும் குரல் உயர்த்துவதில்லை. மார்கழிப் பனிக்குள்ளிருந்து வயல் வெளுத்து வருவதுபோல் திரையில் வீடுகள் தெளிந்து வரும். ரஹிமா அக்கா தலையணையில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். அவர் உதடு அசைந்தால் பாய் வேலையை அப்படியே விட்டு எழுந்து போய், கட்டில் விளிம்பைப் பிடித்துக் குனிந்து காதைக் கொடுப்பார். பிறகு நிமிர்ந்து என்னிடம், "அடுப்படி ஜன்னலக் கிழக்கால வைக்கச் சொல்லுது. காலையில வெளிச்சம் வேணுமாம்" என்பார். இந்தப் பக்கத்தில் எத்தனையோ அடுப்படிகளில் இன்று காலை வெயில் விழுகிறது. அந்த வீட்டுக்காரர்களுக்கு அது யார் சொன்னது என்று தெரியாது. ஒவ்வொரு முறையும் எழுந்து போகிறீர்களே, முட்டி வலிக்கவில்லையா என்று கேட்டேன். "வலிக்குது. ஆனா பெட்டி எவ்வளவு அமைதியா இருந்தாலும் கடைசி அடி நாமதானே நடக்கணும்" என்றார்.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து அக்காவைப் பார்க்கப் போனேன். மகள் என்னை உள்ளே விட்டுவிட்டு டீ போடப் போனாள். பாய் பாதியில் விட்ட ஒரு வீடு பெட்டியில் இருந்தது. அதை எடுத்துப் போகவும்தான் நான் வந்திருந்தேன். பெட்டியின் ஸ்விட்சைப் போட்டதும் அது வழக்கம்போல் ஓசையில்லாமல் விழித்துக்கொண்டது. அக்கா ஏதாவது சொன்னால் கேட்க வேண்டுமே என்று நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக் குனிந்தேன்.

"ஏம்மா இவ்வளவு கிட்ட வர்ற? நல்லா சாஞ்சு உக்காரு" என்றார் அக்கா.

கணீரென்று கேட்டது. நான் வாசலைத் திரும்பிப் பார்த்தேன், மகள்தான் பேசினாளோ என்று. அக்கா லேசாகச் சிரித்தார்.

"கொரல் எப்பவோ வந்துடுச்சும்மா. ஒருநாள் அவங்க கடத்தெருவுக்குப் போயிருந்தாங்க. மீன் சட்டிக்கிட்ட பூனை வந்துச்சு. சூன்னு கத்தினேன், தெரு வரைக்கும் கேட்டுச்சு."

"அப்புறம் ஏன் அக்கா…"

"சத்தமாப் பேசினா உக்காந்த எடத்துலேருந்தே பதில் சொல்லிட்டு வேலையப் பாப்பாங்க. கல்யாணம் ஆனதுலேருந்து அப்படித்தானே இருந்தாங்க. மெதுவாச் சொன்னா எந்திரிச்சு வருவாங்க. குனிவாங்க. அதான் மெதுவாவே பேசிட்டேன்."

"பாய்க்குத் தெரியுமா?"

அக்கா திரையைத் திரும்பிப் பார்த்தார். "தெரிஞ்சிருக்கும்" என்றார். "கேட்டா நான் உண்மையச் சொல்லிடுவேன். அப்புறம் எந்திரிச்சு வரக் காரணம் இருக்காதுல்ல? அதான் அவங்களும் கேக்கல." அப்போதுதான் அவர் அழுதார், முழுக் குரலில். நானும் அழுதேன்.

அவர் வரைந்த வீடுகள் ஊரெல்லாம் நிற்கின்றன. அவர் சொன்ன சொற்கள் எங்கள் அலுவலகத்தில் புழங்குகின்றன. அவை எல்லாருக்கும் பொது. எனக்கென்று நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான். நேற்று அடுப்படியிலிருந்து என் கணவர் என்னவோ கேட்டார். வழக்கமாக நான் மேசையிலிருந்தே "என்ன?" என்று கத்துவேன். அவர் அங்கிருந்து கத்துவார். நேற்று நான் படத்தை அப்படியே விட்டு எழுந்து போனேன்.

"எதுக்கு எந்திரிச்சு வந்த? அங்கேருந்தே சொல்லியிருக்கலாமே" என்றார்.

நான் இன்னும் ஓரடி கிட்டப் போய் நின்று, "சொல்லுங்க" என்றேன்.