கொடிவேரிப் பரிசலில் எங்கள் வீட்டு பிளஸ் டூ

அரையாண்டுத் தேர்வு முடிந்த நாளிலிருந்து எங்கள் மகள் வர்ஷினி அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். எது கேட்டாலும் "ம்". என் கணவருக்கு பம்ப்செட் கம்பெனியில் வேலை என்பதால் தண்ணீர் மீது நம்பிக்கை அதிகம். தண்ணீரில் ஆடினால் பிள்ளைகளின் மன அழுத்தம் இறங்கிவிடும் என்று எங்கோ வீடியோ பார்த்துவிட்டு, கொடிவேரி அணைக்குக் கிளம்பச் சொன்னார். அவருக்கு நீச்சல் தெரியாது என்பது வேறு விஷயம். போகும்போதும் வரும்போதும் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று எனக்கு உத்தரவும் போட்டார்.

கோவை பீளமேட்டிலிருந்து அன்னூர், சத்தியமங்கலம் வழியாக எண்பது கிலோமீட்டர் வரும். காலை ஆறுக்குக் காரில் கிளம்பினோம். புளியம்பட்டியில் டீ குடிக்க நிறுத்தியபோதுதான் திட்டத்தின் ஓட்டை தெரிந்தது. நம் பக்கத்தில் பிள்ளையைப் பார்த்தால் முதல் கேள்வி எது என்பதை மனிதர் மறந்தேவிட்டார்.

"கண்ணு என்ன படிக்கறீங்க?" என்றார் டீக்கடைக்கார அக்கா.

இவர் குறுக்கே விழுந்து, "படிக்கலீங்க" என்றார்.

"ஏனுங்க, பொட்டப்புள்ளன்னு நிறுத்திப்போட்டீங்களா?"

அக்கா எங்களை முறைத்துக்கொண்டே டீ கொடுத்தார். வர்ஷினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், ஆனால் அடக்கிய சிரிப்பில் தோள் குலுங்கியது.

கொடிவேரியில் நுழைவுக் கட்டணம் நாங்கள் போனபோது தலைக்கு ஐந்து ரூபாய். அருவியில் குளித்துவிட்டு மீன் வறுவல் கடைக்குப் போனால் அங்கேயும் அதே கேள்வி, இவரிடம் அதே பதில்.

"மாப்பிள்ளை பாத்துட்டீங்களா அம்மணி?" என்று கடைக்காரம்மா என்னிடம் அனுதாபமாகக் கேட்டார். வர்ஷினிக்குப் புரை ஏறிவிட்டது.

பிறகு பரிசல். லைஃப் ஜாக்கெட் மாட்டி உட்கார்ந்ததுமே இவர் விளிம்பை இரண்டு கையாலும் பற்றிக் கண்ணை மூடிக்கொண்டார். நடு ஆற்றில் பரிசல்காரத் தம்பி கேட்டார், "ஏனுங் கண்ணு, என்ன படிக்கறீங்க?"

இம்முறை குறுக்கே விழ ஆள் இல்லை.

"பன்னெண்டாவதுங்ணா. பிசிக்ஸ் பரீட்சையில பாதிக்கு மேல எழுதவே இல்லைங்ணா. வீட்டுல சொல்லப் பயமா இருக்குது."

இவர் கண்ணைத் திறந்தார். கையை எடுக்க மட்டும் தைரியம் வரவில்லை.

"அப்படீங்களா," என்றார் பரிசல்காரர். "செரி, கெட்டியாப் புடிச்சுக்குங்க, சுத்தறேன்."

சுற்றினார். இவர் குலதெய்வத்தைக் கூப்பிட்ட கூப்பாட்டில் கரையில் குளித்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். வர்ஷினி வாய்விட்டுச் சிரித்தாள். எத்தனை நாளாயிற்று அந்தச் சத்தம் கேட்டு.

கரையேறியதும், "அப்பா, நான் சொன்னது கேட்டுச்சா?" என்றாள்.

"கேட்டுச்சு கண்ணு. தலை சுத்தறது நிக்கட்டும், பேசலாம்," என்றவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து முதுகை நீவிவிட்டாள்.

போகிறவர்களுக்கு: ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அதிகம், வார நாளில் போங்கள். அணையில் தண்ணீர் அதிகம் வந்தால் குளிக்க விட மாட்டார்கள், விசாரித்துக்கொள்ளுங்கள். மாற்றுத்துணி அவசியம். வழியில் யாராவது உங்கள் பிள்ளையிடம் என்ன படிக்கிறாய் என்று கேட்டால், பிள்ளையையே பதில் சொல்ல விடுங்கள்.