பக்கத்து சீட் டீச்சர்

எங்கள் டீச்சரின் வகுப்பறைக்கு நான்கு சக்கரம். கார் பழக வந்தவர் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொள்ள, இவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கின் மேல் வலது பாதத்தை வைத்திருப்பார். தெருமுனையில் ஒரு நாய் தலைகாட்டினால் போதும், மிதித்துவிடுவார். புது நாட்டில் சாலையின் மறுபக்கத்தில் ஓட்ட வேண்டும் என்று தெரிந்த நாளிலிருந்து தூக்கம் கெட்டுப்போயிருந்த எனக்கும் அவர்தான் கற்றுக்கொடுத்தார். "பயப்படு, தப்பில்ல. கண்ணைத் திறந்துக்கிட்டுப் பயப்படு" என்பார்.

ஊரில் பாதிப்பேர் அவரிடம் ஓட்டப் பழகியவர்கள். அவருக்குத்தான் ஓட்டக் கொடுத்துவைக்கவில்லை. பகலெல்லாம் மாணவர்கள் ஓட்டுவார்கள். சாயங்காலம் மாப்பிள்ளை வந்து கூட்டிப்போவார். அந்த ஆசை எப்படியோ தண்ணீர்ப்பக்கம் திரும்பி, ஒரு பல் டாக்டரின் பாய்மரப் படகில் போய் நின்றது.

டாக்டருக்கு அவ்வப்போது படகைத் துறைமுகம் மாற்ற ஆள் தேவைப்படும். சம்பளம் கிடையாது, சாப்பாடும் உப்புக்காற்றும் இலவசம். டீச்சர் ஒவ்வொரு தடவையும் கிளம்பிவிடுவார். பாத்திரம் தேய்த்தார், கயிறு இழுத்தார், பாய் மடித்தார். சுக்கான் சக்கரம் மட்டும் கைக்கு வரவில்லை. "அப்புறம் பார்க்கலாம்" என்பார் டாக்டர், பல்லைப் பிடுங்கும்முன் வலிக்காது என்று சொல்கிற அதே குரலில்.

இந்தத் தடவையோடு அந்த அப்புறமும் தீர்ந்தது. படகை விற்றாயிற்று. வாங்கியவரின் துறைமுகத்தில் கொண்டுபோய் விடுவதுதான் பாக்கி. கூலியில்லாத ஆட்களாக டீச்சரும் மாப்பிள்ளையும் நானும் ஏறினோம்.

"இன்னிக்கு விட்டா எனக்கு இனிமே கிடையாது" என்றபடி டீச்சர் என் லைஃப் ஜாக்கெட்டின் வாரை இறுக்கினார். நான் ஏற்கெனவே இறுக்கியிருந்தேன். இப்போது மூச்சு விடுவதே பெரும்பாடாகிவிட்டது.

கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்திலேயே போனோம். நல்ல காற்று. மாப்பிள்ளை சமையல் பொறுப்பை ஏற்று, முட்டை வேகும் வாசனைக்கே படுத்துவிட்டார். எனக்குக்கூடக் கொஞ்ச நேரம் சக்கரத்தைக் கொடுத்தார் டாக்டர். நான் வேண்டாம் என்று கும்பிட்டதால்தான் கொடுத்தார் என்று நினைக்கிறேன். டீச்சர் கேட்டதால் கிடைக்கவில்லை. கேட்டதோடு நிறுத்தியிருக்கலாம்.

"டாக்டர், திரும்புறதுக்கு முன்னாடி பின்னால பார்த்தீங்களா?"

"பின்னால கடல்தாம்மா இருக்கு."

"கடல்ல யாரும் வர மாட்டாங்களா?"

"நான் உங்க ஸ்டூடண்ட் இல்ல."

"நல்லவேளை. இருந்தா ஃபெயில் பண்ணியிருப்பேன்."

உள்ளேயிருந்து மாப்பிள்ளையின் குரல் ஈனஸ்வரமாக வந்தது. "டாக்டர், அத்தை என்னையே ரெண்டு தடவை ஃபெயில் பண்ணாங்க. பொண்ணு கொடுத்த பிறகு!"

துறைமுகம் நெருங்கியதும் பாய்களை இறக்கி எஞ்சினைப் போட்டார் டாக்டர். துறைமுகத்தின் நுழைவாயில் குறுகல். படகைச் சற்று மிதக்கவிட்டு முன்னால் போய், அவசரத்துக்கு இருக்கட்டும் என்று நங்கூரத்தின் பூட்டையும் எடுத்துவிட்டார். படகின் மூக்கில் காலால் அழுத்தும் ரப்பர் பொத்தான் ஒன்று உண்டு. அழுத்திப் பிடித்தால் மோட்டார் சங்கிலியை இறக்கும். அதன் மூடியையும் திறந்துவைத்தார். டீச்சரின் வாயிலிருந்து தப்பிக்கும் யோசனையோ என்னவோ, "முன்னால நின்னு ஏதாவது வருதான்னு பாருங்க" என்று அவரை அங்கேயே அனுப்பினார்.

வந்தது. தடுப்புச்சுவர் மறைவிலிருந்து ஒரு மீன்பிடிப் படகு சட்டென்று மூக்கை நீட்டியது. டாக்டர் பார்த்துவிட்டார், ஒதுங்கவும் தொடங்கினார். அது தாராளமாகவே போயிருக்கும். ஆனால் இத்தனை வருஷம் பழகிய கால் யாரைக் கேட்கும்? டீச்சர் மிதித்தார். மிதித்த காலை எடுக்கவும் இல்லை.

கடகடவென்று சங்கிலி இறங்கியது. ஆழம் குறைவு, நங்கூரம் சேற்றைக் கவ்வ, எங்கள் படகு வாயிலின் நடுவில் நின்று, ஒய்யாரமாகத் திரும்பி, வந்த வழியையே பார்த்தது.

"என்னம்மா பண்றீங்க!"

"நின்னுடுச்சு டாக்டர்" என்றார் டீச்சர். குரலில் வெட்கம் பாதி, திருப்தி பாதி.

பின்னால் வந்த படகுகள் ஹாரன் அடித்தன. நங்கூரத்தைத் தூக்குவதையும் டீச்சரின் காலை நம்பி விட டாக்டர் தயாராக இல்லை, தானே முன்னால் போக வேண்டும். டாக்டர் சக்கரத்தை என் பக்கம் காட்டினார். நான் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "ஐயோ, என்னை விட்டுடுங்க" என்றேன். மாப்பிள்ளை எழ முயன்று மறுபடி படுத்தார்.

டாக்டர் என்னைப் பார்த்தார், படுத்தவரைப் பார்த்தார், கடைசியில் டீச்சரைப் பார்த்தார்.

"பின்னால வாங்க. இந்தப் படகுல காலால மிதிக்க ஒண்ணுமே இல்லாத இடம் இது ஒண்ணுதான்."

டீச்சர் ஓடியே வந்தார். டாக்டர் மூக்குக்குப் போய் நங்கூரத்தைத் தூக்கினார். சேறு அப்பிய சங்கிலியை விட்டுவர முடியாமல் அங்கேயே குந்தியபடி கத்தினார்: "லெஃப்ட்ல! கொஞ்சம் லெஃப்ட்ல!"

"தெரியுது. நீங்க முன்னால பாருங்க டாக்டர்."

டீச்சர் பின்னால் பார்த்தார், இருபுறமும் பார்த்தார், படகை மெல்லத் திருப்பினார். படகுத்துறை மேடையை நெருங்கும்போது கொஞ்சம் கோணல்தான். இடிபடாமலிருக்கப் படகின் பக்கத்தில் தொங்கவிட்ட ரப்பர் பந்து ஒன்று பிதுங்கி அலறியது. பெயின்ட் தப்பித்தது. நான் குதித்துக் கயிற்றைக் கட்டினேன். முடிச்சைப் பற்றிக் கவலைப்பட்டு அவிழ்த்து இன்னொரு தடவை கட்டினேன்.

எஞ்சின் நின்றது. படகை வாங்கியவர் மேடையில் சாவிக்காகக் கைநீட்டிக் காத்திருந்தார். டீச்சரின் இரண்டு கைகளும் சக்கரத்திலேயே இருந்தன.

"அத்தை, வந்தாச்சு. இறங்குங்க" என்றார் மாப்பிள்ளை, தரையைப் பார்த்த தெம்பில்.

"வந்தது தெரியும். நீ போ. நான் கொஞ்சம் இருந்துட்டு வரேன்."