சோதனை நாள் ரெய்லிங்

ஈக்காட்டுத்தாங்கலில் எங்கள் ரெய்லிங் பட்டறையில் ரொம்ப வருஷமாக எஸ்டிமேட் போடுகிறவள் நான். அளவெடுப்பது, விலை சொல்வது, வருகிறவர்களிடம் பேசுவது எல்லாம் என் பொறுப்பு. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல எத்தனையோ இருக்கிறது. முதலில் எனக்கு மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். பட்டறைக்காரர்கள் வாயால் நீங்கள் கேட்பதைவிட அது மேல்.

நூர்ஜஹானின் லாஃப்ட்

போன ரம்ஜானுக்கு முன்னால் நூர்ஜஹான் எங்களிடம் வந்தார். தி. நகரில் ஜாக்கெட்டுக்கு ஆரி வேலை செய்யும் சின்ன யூனிட் வைத்திருக்கிறார். கீழே இடம் போதாமல் லாஃப்ட் கட்டி, பெண்களை மேலே உட்கார வைத்திருந்தார். லாஃப்டின் ஓரத்தில் தடுப்பு எதுவும் இல்லை. அவருக்கு வேலை கொடுக்கும் துணிக்கடையிலிருந்து ஆள் வந்து பார்த்துவிட்டு, விதிப்படி ரெய்லிங் போடாவிட்டால் கல்யாண சீசன் ஆர்டர் கிடையாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"வேற எடத்துல எஸ்.எஸ். பைப்பு, கண்ணாடின்னு என்னென்னமோ சொல்றாங்க அக்கா. அதையெல்லாம் போட்டா நான் யூனிட்டையே வித்துடணும்."

பயப்பட வேண்டாம் என்றேன். விதி அழகைக் கேட்பதில்லை, உயரத்தையும் உறுதியையும்தான் கேட்கிறது. அதற்கு எம்.எஸ். என்கிற சாதாரண இரும்புப் பைப்பே போதும். ஒரு மீட்டருக்குக் குறையாத உயரம் வேண்டும். பெண்கள் மேலே ஃபோம் மெத்தை போட்டு உட்காருவதால், மெத்தைக்கு மேலிருந்து அளக்க வேண்டும். ஒரு ஆள் முழுப் பாரத்தையும் போட்டுச் சாய்ந்தாலும் அசையக் கூடாது. கத்தரிக்கோல் உருண்டு கீழே இருப்பவர் தலையில் விழாமல் இருக்க, அடியில் நாலு இஞ்ச் பட்டை வரும். அதற்கு டோ போர்டு என்று பெயர்.

"பசங்க மேல வருவாங்களா?" என்று கேட்டேன்.

"ஸ்கூல் விட்டா நேரா அங்கதான்."

அப்படியானால் குறுக்குக் கம்பி ஆகாது, பிள்ளைகள் ஏணி மாதிரி ஏறிவிடுவார்கள். நெட்டுக் கம்பிதான், தலை நுழையாத இடைவெளியில். துணி இருக்கிற இடத்தில் வெல்டிங் பொறி பறக்கக் கூடாது. ஆகவே பேனலைப் பட்டறையிலேயே செய்து, அங்கே போல்ட் மட்டும் போடுவதாகச் சொன்னேன்.

டோ போர்டை விட்டுவிட்டால் விலை குறையுமா என்று தயங்கினார். எல்லோருக்கும் சொல்கிற வசனத்தை அவருக்கும் சொன்னேன். "உசிரு ஒண்ணுதாம்மா. அதுல போய் மிச்சம் பிடிக்காதீங்க."

நூர்ஜஹான் கொஞ்சம் யோசித்தார். "எனக்கு இதெல்லாம் புரியல அக்கா. உங்க லாஃப்டுக்கு என்ன போட்டிருக்கீங்களோ, அதையே எனக்கும் போட்டுடுங்க."

"சாம்பிள் காட்டறேன், இருங்க" என்று பேச்சை மாற்றினேன். மாற்றிவிட்டதாக நினைத்தேன். சாம்பிள் பேனல் இருந்ததே எங்கள் லாஃப்டில்தான்.

தாஸின் கயிறு

தாஸ் எங்கள் ஃபிட்டர். சிந்தாதிரிப்பேட்டைக்காரர், என்னைவிட மூத்தவர். பேனலை இறக்கச் சொன்னதும் ஏணியில் ஏறினார். மேலே போனவர், தூணில் கட்டித் தொங்கிய நைலான் கயிற்றின் மறுமுனையை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் பேனலைத் தூக்கிக்கொண்டு ஓரத்துக்கு வந்தார். ஓரம் வெறும் ஓரமாகத்தான் இருந்தது. அந்தக் கயிறு பைப் கட்டித் தூக்குவதற்கு என்றே நான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

நூர்ஜஹான் அண்ணாந்து பார்த்தார். "அண்ணே, உங்களுக்கு ரெய்லிங் இல்லையா?"

"கீதும்மா" என்றார் தாஸ். "சோதனைக்கு ஆளு வந்தா போடுவோம். போனதும் கயட்டிடுவோம்."

இதை ஒளிக்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. வழக்கமான வேலையாகத்தான் சொன்னார். விஷயம் இதுதான். நீளமான பைப்புகளை லாஃப்டுக்குத் தள்ளும்போது ரெய்லிங் இடைஞ்சல். அதனால் ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் சோதனைக்கு வரும் நாளில் மட்டும், யாருக்காவது செய்து வைத்திருக்கும் பேனலை எங்கள் லாஃப்டில் போல்ட் போட்டு நிறுத்துவோம். மறுநாள் கழற்றி, பெயின்டை டச்-அப் செய்து, உரியவருக்கு அனுப்பிவிடுவோம். ரெய்லிங் பட்டறைக்கு மட்டுமே வாய்க்கிற வசதி இது. யோசனை என்னுடையது. பெரிய சாமர்த்தியம் என்ற நினைப்பு வேறு.

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "அடுத்த வாரம் எங்களுக்கும் நிரந்தரமா போடறோம்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி வைத்தேன்.

"நெசமாவா மேடம்?" என்று மேலேயிருந்து தாஸ் கேட்டார். குரலில் அவ்வளவு ஆசை. நூர்ஜஹான் பார்த்த பார்வையைவிட அந்தக் கேள்விக்குத்தான் நான் கூனிக் குறுகிப் போனேன்.

நூர்ஜஹான் டோ போர்டோடு சேர்த்தே ஆர்டர் கொடுத்தார். பட்டறை வாசல் படியிறங்கும்போது, "உசிரு ஒண்ணுதான்னு சொன்னீங்களே அக்கா" என்றார். கிண்டல் இல்லை. கிண்டலாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

எப்போது கழற்றுவது

அவர் லாஃப்டுக்கு முதலில் போட்டோம். துணிக்கடை ஆள் வந்து குலுக்கிப் பார்த்துத் தலையாட்டினார், ஆர்டர் கைவிட்டுப் போகவில்லை. அடுத்து எங்களுக்கு. பைப் ஏற்றுகிற இடத்தில் உள்பக்கமாகத் திறக்கும் சின்ன கேட் வைத்தோம். இதே கேட்டை மற்றவர்களுக்கு எத்தனையோ முறை செய்து கொடுத்திருக்கிறோம். எங்களுக்கென்று வரும்போது மட்டும் எனக்குத் தோன்றாமல் போயிருந்தது. தாஸேதான் எல்லா போல்ட்டையும் முடுக்கினார்.

மறுநாள் லோடு வந்தது. தாஸ் மேலே ஏறி, இடுப்புக்கு மேல் வரும் ரெய்லிங்குக்குப் பின்னால் நின்றுகொண்டு, பழையபடி கயிற்றை எடுத்து இடுப்பில் கட்டினார்.

"அதான் ரெய்லிங் வந்துடுச்சே தாஸ், இன்னும் கயிறு எதுக்கு?"

"இருக்கட்டும் மேடம்" என்று முடிச்சை இறுக்கினார். "எப்ப கயட்டணும்னு மட்டும் முன்னாடியே சொல்லிடுங்க. இருக்குதுன்னு நெனச்சுக்கினு சாஞ்சுடப் போறேன்."

 வெல்டரைக் கூப்பிட்டு, நட்டையெல்லாம் போல்ட்டோடு சேர்த்து வெல்டு வைக்கச் சொன்னேன். தாஸ் மேலேயே நின்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி நட்டு முடிந்த பிறகுதான் கயிற்றை அவிழ்த்தார்.

பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். அடுத்தவர் உயிரைப் பற்றி வசனம் பேசுவதற்கு முன் உங்கள் பட்டறையை ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள். அந்தக் கயிறு இன்னும் எங்கள் தூணில்தான் தொங்குகிறது. பார்க்கும்போதெல்லாம் வெட்கமாக இருக்கிறது. எடுக்கட்டுமா என்று தாஸ் ஒருநாள் கேட்டார். இருக்கட்டும் என்றேன்.