தங்கம்மாள் தூக்காத கூடை

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் கடலூர் வண்டிகள் நிற்கும் பக்கம் போனால் ஒரு சிமென்ட் பெஞ்சில் என் மாமா ஞானசேகரன் உட்கார்ந்திருப்பார். தனியார் பஸ்களுக்கு டைம் கீப்பர். வாயில் விசில், மடியில் பாதி பின்னிய ஒயர் கூடை. ஒரு வண்டியை அனுப்பிவிட்டால் அடுத்த வண்டியின் நேரம் வரும்வரை கை முடிச்சுப் போட்டுக்கொண்டே இருக்கும். கண் மட்டும் கடிகாரத்தில். கொஞ்சம் தாமதித்தாலும் பின்வண்டிக்காரன் சண்டைக்கு வந்துவிடுவான் என்பதால், அவர் யாருக்காகவும் ஒரு வண்டியை நிறுத்தி வைத்தது கிடையாது. அவர் மனைவி தங்கம்மாள், என் அக்கா, ஒருமுறை எதிரே ஓடி வந்துகொண்டிருக்கும்போதே விசில் ஊதி வண்டியை அனுப்பிய மகான் அவர். அக்கா அதை மறக்கவில்லை. நானும்தான்.

கூடைப் பழக்கம் கொரோனா சமயத்தில் வந்தது. பஸ் ஓடவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, இந்நேரம் எந்த வண்டி கிளம்பியிருக்கும் என்று சொல்லிக்கொண்டே நாளைக் கழித்த மனிதரைப் பார்த்துப் பக்கத்து வீட்டு சவரிமேரிக்குப் பாவமாகப் போய்விட்டது. ஒரு கட்டு ஒயரைக் கொடுத்து முடிச்சுப் போடச் சொல்லித்தந்தார். ஆம்பளைக்கு எதற்கு இந்த வேலை என்று நான் போனில் கிண்டல் செய்தேன். மாமா காதிலேயே வாங்கவில்லை.

பஸ் ஓட ஆரம்பித்ததும் ஒயரும் அவரோடு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தது. டிரைவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் மாட்ட உறை, கண்டக்டர்களுக்குச் சாப்பாட்டுக் கூடை, டீக்கடைக்குப் பால் பாக்கெட் கூடை. எல்லாம் சும்மாதான் கொடுப்பார். அவர் பின்னிய கூடையோடு யாராவது எதிரே நடந்து போனால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். பெற்ற பிள்ளை பள்ளிக்கூட மேடையேறிப் பரிசு வாங்குவதைப் பார்ப்பவர் மாதிரி இருக்கும்.

ஆனால் யாருக்காக ஆசை ஆசையாகப் பின்னினாரோ அந்த ஆள் மட்டும் தூக்கவில்லை. அக்காவுக்குப் பிடித்த மயில் கழுத்து நிறத்தில், ஓரத்துக்கு மஞ்சள் விட்டு, சிவன்கண் முடிச்சுப் போட்ட கூடை. பொங்கலன்று அதைக் கொண்டுபோய் நீட்டினார். அக்கா திருப்பித் திருப்பிப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் கடலூர் முதுநகரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து, மீன் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் திரும்புவது அவள் வழக்கம். அந்த ஞாயிறும் வந்தாள். கையில் பழைய மஞ்சள் பை. கூடை அவள் சமையலறையில் வெங்காயத்தைச் சுமந்துகொண்டிருந்தது.

பெரிதாகிவிட்டதோ என்று மாமா சின்னதாக ஒன்று பின்னினார். அதில் பூண்டு ஏறியது. நிறம் பிடிக்கவில்லையோ என்று சிவப்பில் ஒன்று. அது துணி கிளிப்புக்குப் போனது. மனிதர் உள்ளுக்குள் நொந்துபோனார். ஒருநாள் என்னிடமே கேட்டுவிட்டார்.

"மச்சான், ஊரே தூக்கிக்கினு போவுது. உங்கக்காவுக்கு மட்டும் எம்மேல இன்னா வருத்தம்? அன்னிக்கு விசில் ஊதினதுக்கா?"

எனக்குச் சுருக்கென்றது. அக்காவைப் பிடித்துக் கேட்டேன். வேறு பேச்சுப் பேசி நழுவினாள். இத்தனை அழுத்தம் ஆகாது என்று அவள் மேல் எனக்குக் கோபம்கூட வந்தது.

என் மகளுக்குக் காது குத்தினோம். மயில் கழுத்துக் கூடையில் பழத்தை அடுக்கி மாமா தானே சுமந்து வந்தார். வண்டி கிளம்பும் இடத்திலேயே ஏறியதால் வரும்போது உட்கார இடம் கிடைத்திருந்தது. சாயங்காலம் அவர்கள் திரும்பும்போது என் மனைவி அதில் மாங்காயும் கருவாடும் நிரப்பிக் கொடுத்தாள். மறுநாள் எனக்கும் சிதம்பரத்தில் வேலை இருந்ததால் நானும் கூடவே கிளம்பினேன். முதுநகரில் ஏறும்போதே வண்டியில் கால் வைக்க இடமில்லை. வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு சைக்கிளில் போய் சைக்கிளில் வருகிற மாமா, முப்பது வருஷமாக வண்டி அனுப்பியவர், இப்படி ஒரு கூட்டத்தில் சுமையோடு நின்றதே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மேலே கம்பியைப் பிடிக்க ஒரு கை, கூடைக்கு ஒரு கை. கூடையை முழங்கைக்கு ஏற்றிக்கொள்ளப் பார்த்தார். கைப்பிடி மணிக்கட்டைத் தாண்டவில்லை. கீழே வைக்கவும் இடமில்லை. கை மாற்றினார், மறுபடி மாற்றினார். ஆலப்பாக்கத்தில் ஆடு குறுக்கே ஓட, டிரைவர் பிரேக் போட்டார். கூடை கவிழ்ந்து மாங்காய்கள் சீட்டுக்கடியில் உருண்டன. கருவாடு ஒரு பெரியவர் மடியில் விழுந்தது. சிரிப்பை அடக்க நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மாமா சிரிக்கவில்லை. சுற்றி நின்ற பெண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் பை முழங்கையில் தொங்கியது. அக்காவும் மஞ்சள் பையை முழங்கையில் மாட்டி, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். அவர் பின்னிய கூடைகளின் கைப்பிடி எல்லாமே பெஞ்சில் உட்கார்ந்தபடி தன் உள்ளங்கைக்கு அவர் அளவெடுத்தவை. நிறம் யோசித்தார், அளவு யோசித்தார், அவள் அதை எப்படித் தூக்குவாள் என்று மட்டும் யோசிக்கவில்லை.

புதுச்சத்திரத்தில் கூட்டம் இறங்கி இடம் கிடைத்தது. மாமா அக்கா பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார்.

"இத மொதல்லயே சொல்லியிருந்தா இன்னா?"

"எப்பிடி சொல்றது? அத்தன ஆசையா கொண்டாந்து நீட்டினீங்க. அந்த மூஞ்சிய பாத்துட்டு கொற சொல்ல எனக்கு வாய் வர்ல."

மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. அக்கா மேல் கோபப்பட்டவன் நான்.

அந்த வாரமே பழைய கைப்பிடியைப் பிரித்துவிட்டு நீளமாக வேறு போட்டார். அக்காவை நிற்க வைத்து, வளையலோடு அவள் முழங்கைக்கு அளவெடுத்தாராம்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். முழங்கையில் மயில் கழுத்துக் கூடை, அதற்குள் மடித்து வைத்த மஞ்சள் பை. வீட்டில் கிளம்பவே நேரமாகிவிட்டதாம். பஸ் ஸ்டாண்டுக்குள் நுழையும்போதே வண்டியின் நேரம் தாண்டிவிட்டது. போய்விடும் என்று முடிவு செய்து, ஓடாமல் நடந்தே வந்திருக்கிறாள். பின்வண்டிக்காரன் ஹாரன் அடித்துக் கத்துகிறான். மாமா பெஞ்சிலிருந்து எழுந்து, விசிலைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, அவள் முழங்கையையே பார்த்தபடி நின்றாராம். அவள் ஏறி உட்கார்ந்த பிறகுதான் ஊதினார்.

"எனக்காவ வண்டிய நிறுத்துனாருடா" என்றாள் அக்கா.

உள்ளே வந்து கூடையை இறக்கி வைக்கச் சொன்னேன். இருக்கட்டும் என்று அதை மாட்டிக்கொண்டே நின்று, என் மனைவியிடமும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.