மூடிமேல் நெருப்பு

மனைவி பிஸ்கட் மாவுக்காக நார்த்தங்காய்த் தோலைச் சீவுகிறாள். வாசனை மூக்கில் ஏறியதும், வழுக்கைத் தலையோடு எனக்கு ஏழு வயதாகிவிட்டது.

வெள்ளைக்காரன் ஆண்ட பூந்தமல்லி. அம்மா அதே தோலோடு சுக்கும் ஏலக்காயும் சேர்த்துப் பிசைந்த பிஸ்கோத்துகளைச் சட்டியில் அடுக்கி மூடினாள். கீழே தணல், மேல்பக்கமும் வேக வேண்டுமென்று மூடிமேலும் தணல்.

அப்பாவின் அண்ணன் வந்தார். எங்கள் வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

"இன்னாம்மா இது? கீய நெருப்பு வெச்சா சமையல். மேல வெச்சா கொள்ளி! அணைச்சுடு!"

அப்பா கொல்லைப் பக்கம் நழுவினார். என் வீரம் அவர் வழியில் வந்தது.

அம்மா தணலை விசிறினாள். "அப்ப நீங்க துன்னாதீங்க மாமா. நல்லா இருப்பீங்க."

"இது சுடற நாள்ல இந்த ஊட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்!" என்று பெரியப்பா கிளம்பினார்.

அம்மா மறுநாளும் சுட்டாள். அதற்கு மறுநாளும் சுட்டாள்.